கடலோர ஊர்களில் செயற்கை விளையாட்டுத் தரை: ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு

உள்ளக விளையாட்டரங்குகளிலும் உடற்பயிற்சி நிலையங்களிலும் விரிக்கப்படும் செயற்கைத் தரை, பல்பகுதியச் சேர்வைகளால் ஆன பல அடுக்குகளைக் கொண்டது. அடியில் சீமெந்துத் தளம் இருக்கும். அதன்மேல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் நுரை அல்லது இறப்பர் அடுக்கும், அதற்கு மேல் தேய்மானத்தைத் தாங்கும் வினைல் அல்லது பொலியூரித்தேன் அடுக்கும் வரும். உச்சியில் இருப்பது மிக மெல்லிய ஒரு பாதுகாப்புப் பூச்சு. விளையாடுபவரின் கால் படுவது இந்தப் பூச்சில்தான். ஆகவே தரைப் பராமரிப்பு என்பது இரண்டு வேலைகள்: மேலே இந்தப் பூச்சைத் தேயாமல் காப்பது, கீழே சீமெந்துத் தளத்தை ஈரமில்லாமல் வைத்திருப்பது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் தொடரும் ஊர்கள் யாவும் கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் அமைந்தவை. காற்றில் உப்பும், காலடியில் மணலும், சில அடி ஆழத்திலேயே நிலத்தடி நீரும் இங்குள்ள நிலைமை. செயற்கைத் தரைகளோடு வரும் பராமரிப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பனியையும் வெப்பமூட்டியையும் பற்றி விரிவாகப் பேசும் அவற்றில் மாரியின் வாடைக்காற்றும் வறண்ட கச்சான் காற்றும் இல்லை. கையேட்டின் அடிப்படை விதிகள் இங்கும் பொருந்தும். ஆனால் எந்த வேலையை எந்த மாதத்தில் செய்வது என்பதை இந்தக் கரையின் பருவங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொதுவாகப் பாவனையில் உள்ள தரைகள் நான்கு வகை. பூப்பந்தாட்டத்துக்குச் சுருளாக வரும் வினைல் விரிப்பு முதலாவது. பளு தூக்கும் பகுதிக்குரிய, இறப்பர்த் துகள்களைப் பொலியூரித்தேனால் பிணைத்து அழுத்திய ஓடு இரண்டாவது. கராத்தே, தைக்குவொண்டோ பயிற்சிக்கான ஈ.வீ.ஏ. நுரைப் பாய் மூன்றாவது. ஒன்றோடொன்று கொழுவிப் பூட்டும் பொலிபுரொப்பிலீன் ஓடு நான்காவது. இவற்றுள் வினைல் நீரை மேலே தாங்கி நிற்கும். இறப்பர் ஓடு நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சும். நுரைப் பாயும் பூட்டு ஓடும் தம் இணைப்புகள் ஊடாக நீரைக் கீழே இறக்கிவிடும். ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே மொப்பையும் கொண்டு நான்கையும் ஒரே விதமாகக் கழுவுவதுதான் இத்தரைகள் காலத்துக்கு முன்பே கெடுவதற்கான முதற் காரணம்.

நல்ல தரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய நியமமான ஈ.என். 14904 சில அளவுகளைத் தருகிறது. ஊசல் கருவியால் அளக்கப்படும் உராய்வு 80க்கும் 110க்கும் இடையில் இருக்க வேண்டும். விழும் விசையில் 25 முதல் 75 சதவீதம் வரை தரை உள்வாங்க வேண்டும். பந்து எழும்பும் உயரம், கொங்கிறீற்றில் எழும்புவதன் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவற்றுள் பராமரிப்பால் நாளுக்கு நாள் மாறுவது உராய்வு. குறைந்தால் கால் வழுக்கும். கூடினால் உடல் திரும்பும்போது சப்பாத்து தரையிலேயே பிடித்துக்கொள்ள, முழங்கால் மூட்டு முறுக்குப்படும். நோர்வேயின் கைப்பந்தாட்ட வீரர்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, உராய்வு கூடிய செயற்கைத் தரைகளில் பெண்களுக்கு முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுபடும் வாய்ப்பு மரத்தரையை விட அதிகம் என்று கண்டது. ஆகவே தரையைத் துடைப்பதை அழகு பார்க்கும் வேலையாக மட்டும் கருதலாகாது. அது விளையாடும் பிள்ளையின் முழங்காலோடு தொடர்புடையது.

இந்தக் கரையில் தரையின் முதல் எதிரி மணல். கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுத்திட்டத்தில் அதன் இடம் 7. சாதாரண கண்ணாடியே ஏறத்தாழ 5.5தான். வினைலும் பொலியூரித்தேனும் அதற்கும் மிகக் கீழே. சப்பாத்தின் அடியில் ஒட்டிவரும் மணல், ஒவ்வோர் அடியிலும் மண்கடதாசி போல மேற்பூச்சைத் தேய்க்கிறது. பூப்பந்து ஆடுகளத்தில் ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் இடமும், வலைக்கு அருகில் கால் ஊன்றிப் பாயும் இடமும் முதலில் பளபளப்பதைக் காணலாம். மங்கலாக இருக்க வேண்டிய பூச்சு பளபளத்தால், அவ்விடத்தில் அது தேய்ந்து போயிற்று என்று பொருள். சுத்தத்தின் அடையாளமாக அதைக் கொண்டு மகிழ்வது தவறு.

மணலைத் தரையில் இருந்து கூட்டி அள்ளுவதை விட வாசலிலேயே தடுப்பது எளிது. வெளியே கரடுமுரடான தும்பு விரிப்பு அல்லது இறப்பர் விரிப்பு, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் துணி விரிப்பு என்று இரண்டு வேண்டும். இரண்டும் சேர்ந்து, ஒருவர் குறைந்தது நான்கைந்து அடி எடுத்து வைக்கும் நீளம் இருந்தால்தான் சப்பாத்தின் அடி துடைபடும். அரங்குக்கு உள்ளே மட்டும் அணியும் தனிச் சப்பாத்தைக் கட்டாயமாக்குவது இன்னும் நல்லது. பள்ளிவாசல் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துப் பழகிய ஊர்களில் இந்த விதிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. செருப்புத் தட்டை வாசலுக்கு வெளியே வைத்தாலே போதும். மஃரிப் எனும் மாலைத் தொழுகைக்காக வுழூச் செய்து, அதாவது கைகால் கழுவிவிட்டு, ஈரக் காலோடு ஆடுகளத்தைக் கடப்பவர்களும் உண்டு. நீர்க்குழாயில் இருந்து தொழும் இடம் வரை ஒரு விரிப்பைப் போட்டுவிட்டால் அந்த ஈரம் தரைக்கு வராது.

இரண்டாவது எதிரி உப்பு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் திறந்த யன்னல்கள் வழியே தரையில் படிகின்றன. வியர்வை காய்ந்து விட்டுச்செல்லும் உப்பும் அதனோடு சேர்கிறது. சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே இதைச் செய்யும். கல்முனையில் இரவு நேர ஈரப்பதன் இந்த எல்லையைச் சாதாரணமாகவே கடப்பதால், பகலில் உலர்ந்து தெரிந்த தரை இரவு ஆட்டத்தின்போது பிசுபிசுக்கிறது. இதற்குத் தரையையோ சப்பாத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. வரட்டுத் துடைப்பான் உப்பை இடம் மாற்றுமே தவிர அகற்றாது. பிழிந்த ஈரத் துணியால் துடைப்பதே வழி.

மூன்றாவது எதிரியான ஈரம் இரண்டு பக்கமிருந்தும் வரும். மேலிருந்து வருவது பனிபடுதல். வெப்பநிலை 30 பாகை செல்சியசும் ஈரப்பதன் 80 சதவீதமும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. தரையின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கே நீர்த்துளி படியும். மாரி கால இரவில் குளிர்ந்த சீமெந்துத் தளத்தின் மேல் காலையில் ஈரக்காற்றைத் திறந்துவிடும்போதும், குளிரூட்டப்பட்ட நிலையத்தின் கதவை அகலத் திறந்து வைக்கும்போதும் இதுதான் நடக்கிறது. தரை வியர்க்கும் நாளில் யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தேடுவது ஈரத்தை மேலும் கூட்டும். யன்னல்களை மூடி, உள்ளே மின்விசிறிகளைச் சுழலவிட்டுத் தளத்தைச் சூடேற விடுவதே சரி.

கீழிருந்து வரும் ஈரம் இதைவிட ஆபத்தானது. மணல் நிலத்தின் நீர்மட்டம் மாரியில் தரைமட்டத்தை நெருங்கி வரும்போது, நீராவி கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. மேலே ஆவி புகாத வினைல் விரிப்பு இருப்பதால் வெளியேற வழியின்றி அடியிலேயே தங்குகிறது. சீமெந்தின் காரம் அந்த ஈரத்தில் கரைந்து பசையைச் சிதைக்கும். விரிப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நுரையில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். கட்டடம் எழுப்பும்போதே தளத்துக்கு அடியில் தடித்த பொலிதீன் விரித்திருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இல்லாத இடங்களில் விரிப்புப் போடுமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உள்ள பொலிதீன் துண்டொன்றைத் தளத்தில் வைத்து நான்கு ஓரங்களையும் இறுக்கமாக ஒட்டி, குறைந்தது 16 மணிநேரம் விட வேண்டும். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ அது விரிப்புக்கு இன்னும் தயாராகவில்லை. இச்சோதனையை மாரியிலும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஓகஸ்டில் காய்ந்திருக்கும் தளம் டிசம்பரிலும் காய்ந்திருக்கும் என்று நம்பலாகாது.

நாளாந்த வேலை சிறியது, ஆனால் தவறக் கூடாதது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அகலமான நுண்ணிழைத் துடைப்பானால் ஒரே திசையில், தூக்காமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தும்புத்தடி மணலைத் தூக்கியெறிந்து பரப்பும் என்பதால் வினைலுக்கு அது ஏற்றதல்ல. இறப்பர் ஓடுகளின் துளைகளில் இருந்து தூசியை எடுக்க வெற்றிடத் துப்புரவுக் கருவி வேண்டும். மணலை நீக்கிய பிறகே ஈரத் துடைப்பு. முதலில் நனைத்தால் மணல் குழம்பாகி மூலைகளில் சேரும். ஒரு வாளியில் மருந்து கலந்த நீர், மற்றதில் துணியை அலசும் நீர் என்று இரண்டு வாளிகள் இல்லாவிட்டால், அழுக்கையே திரும்பத் திரும்பத் தரையில் பூசுவதாகிவிடும். மொப் நன்கு பிழியப்பட்டிருக்க வேண்டும். அது விட்டுச்செல்லும் ஈரத்தடம் சில நிமிடங்களில் காய்ந்துவிட வேண்டும். கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடிய இடங்களில் குழாய் நீரையோ சேகரித்த மழைநீரையோ பாவிப்பது நல்லது. வன்னீர் காய்ந்தால் கல்சியம் காபனேற்று வெண்படலமாக நிற்கும்.

துப்புரவு மருந்தின் பீ.எச். பெறுமானம் 7க்கும் 9க்கும் இடையில் இருப்பது பாதுகாப்பானது. வீட்டுப் பழக்கங்கள் சில இங்கே தீங்கு செய்யும். சீமெந்துத் தரையைத் துடைக்கும் நீரில் சிறிது மண்ணெண்ணெய் கலப்பது நெடுநாள் வழக்கம். வினைலில் அது நெகிழியாக்கிகளைக் கரைத்து வெளியேற்றும், இறப்பரை ஊதவைக்கும். தின்னரும் பெற்றோலும் இன்னும் விரைவாகக் கெடுக்கும். சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பூசும் மெழுகை விளையாட்டுத் தரையில் பூசினால் அன்றே யாராவது வழுக்கி விழுவார். பினைல் எண்ணெய்ப் படலம் விடும். நல்ல வாசம் வருவதற்காக அளவுக்கு மேல் மருந்து ஊற்றுவதும் தவறு. கழுவப்படாமல் எஞ்சும் சவர்க்காரப் படலம் அடுத்த நாள் தூசியை ஒட்டிப் பிடிக்கும்.

வெறுங்காலும் வெறும் உடம்பும் படும் நுரைப் பாய்களுக்குக் கிருமிநீக்கம் தேவை. படர்தாமரையையும் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் பங்கசுக்கள் உதிர்ந்த தோற் செதில்களில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். தோற்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் பக்டீரியாவும் உலர்ந்த பரப்பில் நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 5 சதவீத சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் 20 மில்லிலீற்றரை எடுத்து ஒரு லீற்றர் வரை நீர் சேர்த்தால் ஏறத்தாழ 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும். வியர்வையும் அழுக்கும் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அழுக்கின்மேல் ஊற்றுவது வீண். பின்னர் கரைசலைப் பூசி 10 நிமிடம் ஈரமாக வைத்து, நல்ல நீரால் துடைத்தெடுக்க வேண்டும். அமிலம் உள்ள மலசலகூடத் துப்புரவு மருந்தோடு இதை ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். பாய்களைத் துடைத்த உடனே அடுக்கி வைப்பதும் கூடாது. இரு பாய்களுக்கு நடுவே சிறைப்பட்ட ஈரம் பூஞ்சணத்துக்கு உகந்தது.

பளுவால் வரும் சேதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 20 கிலோகிராம் எடையை 1 மீற்றர் உயரத்தில் இருந்து போட்டு, அது தரையில் 5 மில்லிமீற்றர் அமுங்கி நின்றால், சராசரி விசை ஏறத்தாழ 39,000 நியூட்டன். அது கிட்டத்தட்ட 4 தொன் எடைக்குச் சமம். தடித்த இறப்பர் ஓட்டில் அமுங்கும் தூரம் 10 மில்லிமீற்றரானால் விசை பாதியாகும். மெல்லிய வினைலின் மேல் பளு தூக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கதிரைக் கால்களும் அப்படியே. 80 கிலோகிராம் எடையுள்ளவர் நிற்கும்போது, இரு சப்பாத்துகளின் அடிப்பரப்பு 300 சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் தாங்குவது ஏறத்தாழ 270 கிராம். அவரே கதிரையில் அமர்ந்து, கதிரைக் கால் ஒவ்வொன்றின் அடியும் 3 சதுர சென்ரிமீற்றர் என்றால், அழுத்தம் இருபத்தைந்து மடங்காகும். பாடசாலை மண்டபங்கள் க.பொ.த. பரீட்சை நிலையமாகவும், கலியாண மண்டபமாகவும், வெள்ள காலத்தில் இடம்பெயர்ந்தோர் தங்குமிடமாகவும் மாறுவது இப்பகுதியில் வழமை. மக்களின் தேவைக்கு மண்டபத்தை மறுப்பது சரியல்ல. கதிரைகளுக்கு அடியில் ஒட்டுப்பலகையும், சஹன் எனும் பெரிய தட்டு வைத்துக் கூடி உண்ணும் பகுதியில் தடித்த பொலிதீனும் விரித்தால் பள்ளமும் எண்ணெய்க் கறையும் தவிர்க்கப்படும். சுருட்டக்கூடிய வினைல் விரிப்பானால், அச்சிட்ட பக்கம் வெளியே வரும்படி குழலில் சுருட்டி, நிமிர்த்தி வைக்காமல் படுக்கையாக வைக்க வேண்டும்.

வினைலின் மேல் இறப்பர்ப் பொருட்களை நெடுநாள் வைப்பதால் வரும் கறை வேறு வகையானது. இறப்பர் வெடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் ஒட்சியேற்ற எதிரிகள் மெல்ல வினைலுக்குள் ஊடுருவி மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். எதைக் கொண்டு தேய்த்தாலும் அது போகாது. இரவில் மோட்டார் சைக்கிளை மண்டபத்துக்குள் நிறுத்துவதும், கருவிகளின் இறப்பர்க் கால்களை நேரே வினைலில் வைப்பதும் இதனால் தவிர்க்கப்பட வேண்டியவை.

பருவங்களின்படி பார்த்தால் ஆண்டின் வேலை ஒக்டோபரில் தொடங்குகிறது. இடியோடு கூடிய பின்னேர மழை ஆரம்பிக்கும் அந்த மாதத்தில் கூரை ஒழுக்கு, பீலி, வடிகான், கதவடி இடுக்கு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடை மாரியில்தான் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்கிறது. அப்போது வாசல் விரிப்புகளை இரண்டு தொகுதியாக வைத்து மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். ஈரத் துடைப்பைக் குறைக்க வேண்டும். பூட்டு ஓடுகளில் சிலவற்றை வாரம் ஒருமுறை கழற்றி அடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளம் உள்ளே வந்துவிட்டால், அது மலக்கழிவும் கலந்த நீர் என்றே கொள்ள வேண்டும். மேற்பரப்பை மட்டும் கழுவிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது ஆபத்து. விரிப்பைத் தூக்கி, இரு பக்கமும் நன்னீரால் கழுவி, கிருமி நீக்கி, தளம் முற்றாகக் காய்ந்த பின்பே மீண்டும் போட வேண்டும். நீர் ஊறிய நுரை அடுக்கு மணக்கத் தொடங்கினால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்ட கச்சானாக வருகிறது. அக்காலத்தில் தூசி கூடும், தரை விரியும். பொலிபுரொப்பிலீன் ஒரு மீற்றருக்கு ஒரு பாகை வெப்பத்தில் குறைந்தது 0.1 மில்லிமீற்றர் நீளும். 15 மீற்றர் நீளமான தரை 10 பாகை சூடேறினால் 15 மில்லிமீற்றர் நீளும் என்பது கணக்கு. சுவரோரம் அதற்குரிய இடைவெளி இல்லாவிட்டால் ஓடுகள் நடுவில் மேலெழும்பும். யன்னல் வழியே நேர்வெயில் விழும் இடங்களில் வினைல் மஞ்சளாகி விறைக்கும், இறப்பர் வெடிக்கும். திரையோ நிழல் மறைப்போ தேவை. பசை வேலை, இணைப்புகளைச் சூட்டால் ஒட்டுதல், கோடுகளுக்கு வர்ணம் பூசுதல், பொலியூரித்தேன் மேற்பூச்சைப் புதுப்பித்தல் போன்ற, உலர்ந்த தளம் வேண்டும் வேலைகளை எல்லாம் ஜூலை முதல் செப்டெம்பருக்குள் முடிப்பது இந்தக் கரைக்குப் பொருந்தும்.

நோன்பு மாதத்துக்கு நிலையான பருவம் இல்லை. அது ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னோக்கி நகரும். அம்மாதத்தில் பகலில் அரங்குகள் வெறுமையாகவும், இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு நள்ளிரவு தாண்டும் வரை நிறைந்தும் இருக்கும். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் அப்போது விடுமுறை. பகல் முழுவதும் கிடைக்கும் இந்த இடைவெளி, ஆழ்ந்த துப்புரவுக்கு ஆண்டில் வேறெப்போதும் கிடைக்காத வாய்ப்பு. மென்தூரிகை இயந்திரத்தால் தேய்த்து, அழுக்கு நீரை உறிஞ்சியெடுத்து, மாலை வரை காயவிட நேரமுண்டு. பழைய மெழுகை உரிக்கப் பயன்படும் கறுப்புத் தேய்ப்பு வட்டை மட்டும் இயந்திரத்தில் பொருத்தக் கூடாது. அது மேற்பூச்சையே உரித்துவிடும். மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் அரங்கு மூடியிருப்பதால், அதற்கு முந்திய காலைப்பொழுதை வாரத் துப்புரவுக்கு ஒதுக்கலாம்.

ஆண்டுக்கொருமுறை தரை முழுவதையும் குனிந்து பார்த்து, ஒரு கொப்பியில் படம் வரைந்து குறிக்க வேண்டும். பிரிந்த இணைப்பு, கொப்புளம், பளபளக்கும் இடம், பள்ளம், கறை ஆகியவற்றைத் திகதியோடு பதிந்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். பிரிந்த இணைப்பை அன்றே மூட வேண்டும். விரல் நீள வெடிப்பு வழியே ஒரு மாரிக்குள் புகும் நீர் ஒரு முழுச் சுருளையும் கெடுக்கப் போதுமானது. கொப்புளத்தைக் கத்தியால் கீறிப் பசை ஊற்றுவது தற்காலிகத் தீர்வு. அடியில் இருந்து ஏறும் ஈரத்தை நிறுத்தாதவரை அது பக்கத்தில் மீண்டும் எழும்பும்.

விளையாட்டு வினைல் பெரும்பாலும் இறக்குமதியாகும் பொருள். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, அதன் விலையும் கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் எட்டாத உயரத்துக்குப் போனது. இரண்டு வாசல் விரிப்பும் இரண்டு வாளியும் ஒரு நல்ல துடைப்பானும் புதிய தரையின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிய செலவு. நுரை மீளாமல் அமுங்கி, பூச்சுத் தேய்ந்து அடி அடுக்கு தெரியத் தொடங்கிய தரையை மட்டும் பணத்தைப் பார்த்து வைத்திருக்கக் கூடாது. அது காயத்தை வரவழைக்கும். கழற்றிய வினைலைக் கடற்கரையிலோ வெற்றுக் காணியிலோ போட்டு எரிக்கவும் கூடாது. பீ.வீ.சீ. எனப்படும் இந்த வினைல் எரியும்போது ஐதரசன் குளோரைட்டையும் டையொக்சின்களையும் வெளிவிடும். நல்ல நிலையில் உள்ள துண்டுகளை வெட்டியெடுத்துக் களஞ்சிய அறைத் தரைக்கும் கருவிகளின் அடிவிரிப்புக்கும் பாவிக்கலாம். எஞ்சியதை மாநகர சபை அல்லது பிரதேச சபையின் கழிவகற்றும் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.